நொஷத்தெல் கூட்டாய்வும் குறைமின்வலு இலத்திரனியலின் தோற்றமும்

கைத்தொழில் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பெருக்கத்தையே அளவுகோலாகக் கொள்வர். நீராவிப் பொறியின் வலு எத்தனை மடங்கு உயர்ந்தது, உருக்காலைகள் எத்தனை தொன் வார்த்தன, நீர்வீழ்ச்சிகளினின்று எவ்வளவு மின்வலு பெறப்பட்டது என்னும் வினாக்களே அந்நூல்களில் மிக்குக் காணப்படும். இதற்கு மாறாக, மிகக் குறைந்த வலுவைக் கொண்டு மிக நுண்ணிய வேலையைச் செய்விக்க முயன்றோரின் வரலாறு அத்துணை விரிவாக எழுதப்படவில்லை. ஆயினும், நோயாளியின் மார்பினுள் வைக்கப்படும் இதயமுடுக்கியும், செவிப்புலன் குன்றியோர் அணியும் கருவியும், பொத்தானளவு மின்கலத்தைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓடும் கைக்கடிகாரமும் இத்தகைய முயற்சியின் பயன்களேயாம். அம்முயற்சியின் ஊற்றுக்கண்களுள் ஒன்று சுவிற்சர்லாந்து நாட்டின் நொஷத்தெல் நகரில் 1962 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஒரு கூட்டாய்வுகூடம். அதன் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு மற்றொரு காரணமும் உண்டு. குவாட்ஸ் கடிகாரம் வந்தபொழுது சுவிஸ் கடிகாரத் தொழிலாளர் பல்லாயிரவர் வேலையிழந்தனர். அந்நாட்டார் பழைமையில் மூழ்கி உறங்கிக் கிடந்தமையால் யப்பானியர் முந்திக்கொண்டனர் என்பதே பலரும் கூறும் விளக்கம். இவ்விளக்கம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது சிந்தித்தற்குரியது.

சுவிஸ் கடிகாரத் தொழில் ஒரே கூரையின் கீழ் வளர்ந்ததன்று. ஜூரா மலைச்சாரலில் லெ லொக்கிள், லா ஷோ த ஃபொன், பியென் முதலிய ஊர்களில் சில்லுச் செய்வோர் ஒருபுறம், வில் செய்வோர் மறுபுறம், பொருத்துவோர் பிறிதோரிடம் எனச் சிறுசிறு பட்டறைகளாகப் பரந்திருந்த தொழில் அது. முதலாம் உலகப்போரின் பின் நேர்ந்த நெருக்கடிகளினால் இப்பட்டறைகள் ஓரளவு ஒன்றுசேர்க்கப்பட்டன. கடிகாரங்களின் அடிப்படை இயக்கப் பொறிகளைச் செய்வோர் 1926 இல் எபோஷ் என்னும் கூட்டு நிறுவனமாயினர். 1931 இல் அரசின் துணையுடன் அதனினும் பெரிய இணைப்பொன்று அமைக்கப்பட்டது. 1934 தொடக்கம் புதுத் தொழிற்சாலை திறப்பதற்கும் உதிரிப் பாகங்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் அரசின் அனுமதி வேண்டியதாயிற்று. இவ்வேலி தொழிலைக் காத்தது. அதே வேளையில் அதன் சிதறிய அமைப்பையும் உறையச் செய்தது. பின்னாளில் நிகழ்ந்தவற்றுக்கு இது ஒரு மூலகாரணம் என்பதை நாம் மனத்திற்கொள்ளல் வேண்டும்.

இத்தொழிலுக்கு முதல் அதிர்ச்சி 1960 இல் நேர்ந்தது. அவ்வாண்டு அமெரிக்கப் புளோவா நிறுவனம் அக்குற்றோன் என்னும் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. சமநிலைச் சில்லுக்குப் பதிலாக, செக்கனுக்கு 360 முறை அதிரும் இசைக்கவை ஒன்று அதன் உள்ளே இருந்தது. ஒரேயொரு திரான்சிஸ்டர் அக்கவையை ஓயாது அதிரச் செய்தது. மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேற் பிழை நேராது என்று அந்நிறுவனம் உறுதி கூறிற்று. இதனை ஆக்கியவர் மக்ஸ் ஹெட்செல் என்னும் சுவிஸ் பொறியியலாளர் என்பதும், புளோவாவின் பியென் கிளையிலேயே அவர் இவ்வாராய்ச்சியைத் தொடங்கினார் என்பதும் சுவிஸ் தொழிலதிபர்களின் வேதனையை மிகுவித்தன. தம் வீட்டு முற்றத்தில் முளைத்த செடி அயலான் வேலிக்குள்ளே காய்த்தது போன்ற நிலை அது.

இதன் விளைவாகக் கடிகாரத் தொழிற் சம்மேளனத்தின் தலைவர் ஜெரார் போவெர் முன்னின்று ஊக்க, ஒன்றோடொன்று போட்டியிட்டுவந்த நிறுவனங்கள் பொருள் சேர்த்து 1962 இல் இலத்திரனியல் கடிகார நிலையத்தை நொஷத்தெலில் நிறுவின. சந்தையிற் பகைவராய் நின்றோர் ஆய்வுகூடத்திற் பங்காளராயினர். அமெரிக்காவிற் பணியாற்றிய ரொஜர் வெலிங்கர் இயக்குநராக அழைக்கப்பட்டார். அவரைப் போலவே கடல்கடந்து சென்று குறைகடத்தி நுட்பம் கற்ற இளைஞர் பலர் தாயகம் மீண்டனர். ஹெட்செல்லும் பின்னர் இந்நிலையத்திற் சேர்ந்தார். கடிகாரத்தையே அறியாத பௌதிகவியலார் கடிகாரத்திற் பழுத்த கைவினைஞரோடு ஒரு மேசையில் அமர்ந்தமை அக்காலத்தில் ஒரு புதுமையே.

அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் யாது? குவாட்ஸ் பளிங்கின் சீரான அதிர்வைக் கொண்டு நேரத்தை அளக்கலாம் என்பது அப்பொழுது புதிதன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1927 இலேயே குவாட்ஸ் மணிக்கூடு ஆக்கப்பட்டது. ஆயின், அத்தகைய மணிக்கூடுகள் அலுமாரி போன்று பருத்தவை. மின்னை அள்ளிக் குடிப்பவை. அதனைக் கைமணிக்கட்டிற் கட்டுமளவுக்குச் சுருக்குவதெங்ஙனம்? ஒரு கணக்கினால் இதனை விளக்கலாம். 200 மில்லி அம்பியர் மணி கொள்ளளவுடைய ஒரு சிறு மின்கலத்தை எடுத்துக்கொள்வோம். ஓராண்டுக்கு 8,760 மணித்தியாலம். அம்மின்கலம் ஓராண்டு நிலைக்கவேண்டுமெனின், கடிகாரம் முழுவதும் ஏறத்தாழ 23 மைக்ரோ அம்பியர் ஓட்டத்துள் அடங்குதல் வேண்டும். பளிங்கை அதிரச் செய்வதும், அதிர்வை எண்ணுவதும், முள்ளை நகர்த்துவதும் இவ்வளவினுள்ளேயே நிகழவேண்டும். கிடைத்த மின்னழுத்தமோ இரசக் கலத்தின் 1.35 வோல்ற்று மட்டுமே.

இங்கே இரண்டு நியதிகள் ஒன்றையொன்று எதிர்த்தன. பளிங்கு மெதுவாக அதிருமாயின் எண்ணும் சுற்றுக்கு வேலை குறையும், மின்னும் மிஞ்சும். ஆனாற் பளிங்கு பெரிதாகிவிடும். பளிங்கைச் சிறிதாக்கினால் அதன் மீடிறன் உயரும், மின்னுகர்வும் உயரும். ஆர்மின் பிரை முதலியோர் பல சோதனைகளின் பின் செக்கனுக்கு 8,192 அதிர்வு என்னும் எண்ணைத் தேர்ந்தனர். இவ்வெண் தற்செயலானதன்று. இரண்டைப் பதின்மூன்று முறை பெருக்கினால் வருவது 8,192. ஆதலின் அதனைப் பாதி பாதியாகப் பதின்மூன்று முறை வகுத்தால் செக்கனுக்கு ஒன்று என்னும் துடிப்பைப் பெறலாம். இவ்வாறு பாதியாக்கும் சுற்றுக்களை ஒரு சிறு சிலிக்கன் துண்டில் அமைப்பதே எஞ்சிய பெரும்பணியாயிற்று.

1967 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பீற்றா 1 என்னும் மாதிரிக் கடிகாரம் ஓடிற்று. அதன் முள் செக்கனுக்கொரு முறை படிப்படியாக நகர்ந்தது. அதனையடுத்து வந்த பீற்றா 2 இல் மின்னுகர்வு மேலும் குறைக்கப்பட்டது. அதிர்வை ஐந்து முறை மாத்திரம் பாதியாக்கிச் செக்கனுக்கு 256 என்னும் அளவில் நிறுத்தி, அவ்வேகத்தில் அதிரும் நுண்ணிய மோட்டரினால் முட்களை ஓட்டினர். அவ்வாண்டு நொஷத்தெல் வானாய்வகம் நடத்திய துல்லியப் போட்டியில் இந்நிலையத்தின் குவாட்ஸ் கைக்கடிகாரங்கள் முதற் பத்து இடங்களையும் பெற்றன. யப்பானியரின் கடிகாரங்கள் அவற்றுக்குப் பின்னரே நின்றன. ஐந்தாண்டுக்குள் உலகின் முதற் குவாட்ஸ் கைக்கடிகாரத்தை ஆக்கியவர்களை உறங்கியோர் என்று கூறுதல் பொருந்துமா?

எனினும், ஆக்கியவர் வேறு, சந்தைக்குக் கொணர்ந்தவர் வேறாயினர். 1969 டிசம்பர் 25 இல் யப்பானின் செய்கோ நிறுவனம் அஸ்ற்றன் என்னும் குவாட்ஸ் கைக்கடிகாரத்தைத் தோக்கியோவில் விற்பனைக்கு வைத்தது. விலை 450,000 யென். அக்காலத்தில் அத்தொகைக்கு ஒரு மோட்டார் வண்டி வாங்கலாம். சுவிஸ் நிறுவனங்கள் கூட்டாக ஆக்கிய பீற்றா 21 என்னும் பொறியைக் கொண்ட கடிகாரங்கள் 1970 ஏப்பிரலிற் பாசெல் கண்காட்சியில் வெளிவந்தன. இடைவெளி நான்கு மாதமேனும் அதன் பொருள் பெரிது. பீற்றா 21 பொறிகள் ஏறத்தாழ 6,000 அளவிலேயே செய்யப்பட்டன. ஒரே பொறியை வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு கூட்டிலிட்டுத் தத்தம் பெயரில் உயர்ந்த விலைக்கு விற்றன. கைக்கெட்டியது வாய்க்கெட்டாத கதையாயிற்று.

இத்தவறு எங்கே நேர்ந்தது? ஆய்வுகூடத்தில் அன்று, ஆய்வுகூடத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடைப்பட்ட வெளியில் என்றே கொள்ளவேண்டும். செய்கோவிடம் ஆராய்வதும் ஆக்குவதும் விற்பதும் ஒரே ஆணையின் கீழ் இருந்தன. நொஷத்தெலிலோ கண்டுபிடிப்பு எல்லார்க்கும் உரியது. ஆதலால் அதனை வளர்க்கும் பொறுப்பு எவர்க்கும் தனியே உரியதாகவில்லை. பங்காளர் ஒவ்வொருவரும் தம் இயந்திரக் கடிகாரத்தின் இலாபத்தை எண்ணினர். ஊரார் யாவர்க்கும் பொதுவான குளம் தூர்வாரப்படாது கிடத்தல் நாம் அறியாததன்று. இதனோடு 1970களிற் சுவிஸ் நாணயத்தின் பெறுமதி உயர்ந்தமையும், 1970களின் நடுவில் உலக வணிகம் தளர்ந்தமையும் ஏற்றுமதியைத் தாக்கின. 1970 இல் ஏறத்தாழ 90,000 ஆக இருந்த கடிகாரத் தொழிலாளர் தொகை 1980களிற் பாதிக்கும் கீழாகச் சரிந்தது. ஜூராவின் பல ஊர்களில் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்த குடும்பங்கள் பட்டறைக் கதவைச் சாத்தின. எண்களைக் கூறி நாம் கடந்துவிடலாம். அக்குடும்பங்கள் அங்ஙனம் கடந்திருக்கமாட்டா.

இவ்வீழ்ச்சி நிகழ்ந்துகொண்டிருந்த அக்காலத்திலேயே நொஷத்தெல் ஆய்வாளர் மற்றொரு செல்வத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தனர். அமெரிக்காவில் 1963 இல் அறிமுகமான சீமோஸ் என்னும் சுற்றமைப்பு இயல்பு மாறுபட்ட இருவகைத் திரான்சிஸ்டர்களைச் சோடியாக இணைப்பது. ஒன்று திறக்குங்கால் மற்றையது மூடும். ஆதலின் நிலை மாறும் கணத்திலன்றி ஏனைய வேளையில் மின்னோட்டம் ஏறத்தாழ இல்லையெனலாம். கடிகாரத்துக்கெனவே பிறந்தது போன்ற இவ்வமைப்பை எரிக் விட்டோசும் அவர்தம் தோழரும் தாழ்ந்த மின்னழுத்தத்துக்கு இயைய வளர்த்து, கைக்கடிகாரத்துக்குரிய சிலிக்கன் வகுப்பானை 1972 இல் உலகறிய வெளியிட்டனர். அவ்வாண்டில் அமெரிக்காவில் வெளிவந்த பல்சர் என்னும் எண்முகக் கடிகாரத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். அதன் செவ்வொளி எண்கள் மின்னை மிகுதியாக உண்டமையால், பொத்தானை அழுத்தினாலன்றி நேரம் தோன்றாது. மின்வலுவைச் சுருக்கும் கலை எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதுவே சான்று.

விட்டோசின் அடுத்த பணி இதனினும் ஆழமானது. திரான்சிஸ்டரை இயக்கத் தொடக்க அழுத்தம் ஒன்று வேண்டும். அதற்குக் கீழே அது மூடிக்கிடப்பதாகவே பொறியியலார் கருதினர். உண்மையில் அந்நிலையிலும் மிகச் சிறிய ஓட்டமொன்று கசியும். பிறர் குறையெனக் கண்ட அக்கசிவை அவர் ஒழுங்கான விதிக்குட்பட்டதெனக் கண்டு, அதனையே வேலை செய்யும் ஓட்டமாக்கினார். அவரும் ஃபெல்ராத் என்பவரும் 1977 இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் ஓர் எல்லைக்கல்லாயிற்று. நெற்குத்தும் மனையிற் சிந்திய குறுநொய்யையும் வீணாக்காத இல்லாள் போன்ற சிக்கனம் இங்கே விஞ்ஞானமாகியது.

பின்வந்த வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். 1983 இல் 51 பாகங்களே கொண்ட சுவாட்ச் கடிகாரம் மலிவான விலையில் வெளிவந்து சுவிஸ் தொழிலை மீட்டது. 1984 இல் இலத்திரனியல் கடிகார நிலையம் நொஷத்தெலின் வேறிரு ஆய்வு நிறுவகங்களோடு இணைந்து, இலத்திரனியலுக்கும் நுண்தொழில்நுட்பத்துக்குமான சுவிஸ் நிலையமாயிற்று. கடிகாரத்தின் பெயர் மறைந்தது. அதன் சிக்கனம் மறையவில்லை. அதே 1984 இல் ஐரோப்பியச் சமூகம் எஸ்பிரி என்னும் திட்டத்தைத் தொடங்கி, பல நாடுகளின் பல்கலைக்கழகங்களையும் நிறுவனங்களையும் தகவல் நுட்பக் கூட்டாய்வில் இணைத்தது. 1990களிற் குறைமின்வலு வடிவமைப்பு ஐரோப்பிய ஆய்வுகளில் ஒரு தனித்துறையாகவே மதிக்கப்பட்டது. நொஷத்தெலிற் கிறிஸ்ரியான் பிகே முதலியோர் சிறுமின்னில் இயங்கும் கூல்றிஸ்க் என்னும் நுண்செயலியை ஆக்கினர். தாழ்ந்த ஓட்டத்தில் திரான்சிஸ்டரின் நடத்தையைக் கணிக்க என்ஸ், குருமெனாக்கர், விட்டோஸ் ஆகிய மூவர் 1995 இல் வெளியிட்ட கணித மாதிரி அவர்தம் பெயர்களின் முதலெழுத்தாலேயே வழங்குகின்றது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து, நொஷத்தெல் கூட்டாய்வு தோற்றது என்று கூறுவதும் வென்றது என்று கூறுவதும் முழு உண்மையாகா. கூடி ஆராய்ந்ததால் அறிவு பிறந்தது. கூடி உழைக்கத் தவறியதால் அவ்வறிவின் முதல் விளைச்சலைப் பிறர் அறுத்தனர். எனினும் வித்து அழியவில்லை. கடிகாரத்துக்காகத் தேடிய விடை, அத்தேடலைத் தொடங்கியோர் எண்ணியிராத துறைகளிலெல்லாம் பயன்பட்டது. பட்டறை மூடப்பட்ட ஒரு தொழிலாளிக்கு இவ்வாறுதல் போதுமானதன்று என்பதையும் வரலாற்றாசிரியன் மறத்தலாகாது.

வளம் மிக்க நாடுகளே புதியன காணவல்லன என்று நம் மாணவர் சிலர் எண்ணுவதுண்டு. 1.35 வோல்ற்றும் சில மைக்ரோ அம்பியரும் என்னும் வறுமையே நொஷத்தெல் ஆய்வாளருக்கு ஆசிரியனாய் நின்றது. அவர்கள் அவ்வெல்லையை நொந்து நில்லாது, அதனுள் அடங்கும் வழியைத் தேடினர். அத்துடன், ஆய்வுகூடத்திற் கண்டதைத் தொழிற்கூடத்துக்கு எடுத்துச் செல்லும் பொறுப்பு யாருடையது என்னும் வினாவை முதல் நாளிலேயே தீர்த்துக்கொள்ளாத கூட்டுறவு எத்துணை அறிவாளரைக் கொண்டிருப்பினும் தளரும் என்பதையும் அவர்தம் வரலாறு காட்டுகின்றது. இவ்விரு பாடங்களுள் முதலாவது பௌதிகம் பயில்வோர்க்கு உரியது; இரண்டாவது நம் அனைவர்க்கும் உரியது.