பலாலி விமானத்தளத்தின் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கு அணித்தாக அமைந்த ஊர் பலாலி. தீவகத்தாராகிய நமக்கு அது பண்ணைக் கடலுக்கு அப்பாலுள்ள ஊரேயாயினும், அங்குள்ள விமானத்தளத்தின் வரலாறு நமக்குப் புறம்பானதன்று. போருக்கென ஆக்கப்பட்ட அத்தளம் இருமுறை பொதுமக்கள் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. இடையிற் பல்லாண்டு படைத்தளமாய் அடைபட்டுக் கிடந்தது. அவ்வரலாற்றை இங்குச் சுருங்கக் கூறுவாம்.

இரண்டாம் உலக யுத்தத்தில், 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. ஏப்ரல் 5இல் கொழும்பிலும், 9இல் திருக்கோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. அந்த 9ஆந் திகதியே ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் அமிழ்ந்தது. வங்காள விரிகுடாவை வானிலிருந்து காவல் செய்யாவிடில் இலங்கை தப்பாது என்பதைப் பிரித்தானியர் உணர்ந்தனர். சீனக்குடா, மின்னேரியா, சிகிரியா, வவுனியா ஆகிய இடங்களைப் போலவே வடகரையிலும் ஒரு தளம் எழுந்தது. சுண்ணாம்புக்கற் பாறைமேற் செம்மண் பரந்த பலாலிச் சமதரை அதற்கு வாய்ப்பாயிற்று. நெடுந்தூரம் பறக்கவல்ல லிபரேற்றர் விமானங்கள் அங்கிருந்து கடற்காவலுக்குச் சென்றன.

யுத்தம் முடிந்தது, தளத்தின் தொழிலும் மாறியது. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குப் பறந்தது. நாடு சுதந்திரம் பெறுதற்கு இரு மாதங்கட்கு முன் நிகழ்ந்தது இது. குண்டு சுமக்கும் விமானங்களுக்கென இட்ட ஓடுபாதையில் பயணிகளைச் சுமந்த டக்கோட்டா விமானங்கள் இறங்கின. கடலைக் கடந்து தமிழகம் செல்வது சிறுபொழுதுப் பயணமாயிற்று.

அந்நிலை நிலைத்திலது. 1979இல் எயார் சிலோன் மூடப்பட்டது. 1983இல் உள்நாட்டுப் போர் மூண்டபின் பலாலி பெரும் படைத்தளமாயிற்று. 1987இல் வந்த இந்திய அமைதிப் படையும் அதனையே தளமாகக் கொண்டது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது பலாலி, மயிலிட்டி, வசாவிளான் முதலிய ஊர்களின் மக்கள் வீடும் வயலும் கோயிலும் விட்டு அகன்றனர். அவ்வூர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. அதே ஆண்டில் இடம்பெயர்ந்த தீவக மக்களுக்கு அத்துயரை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

தரைவழி அடைபட்ட காலத்தில் கொழும்புக்குச் செல்ல வேண்டியோர் பலாலியிலிருந்தே பறந்தனர். 1998 செப்ரெம்பர் 29இல் அவ்வாறு புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர்.

2009இல் போர் முடிந்தபின் காணிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 27 ஆண்டுகள் கழிந்து 2017 யூலையிலேதான் மக்களிடம் மீண்டது. 2019 ஒக்டோபர் 17இல் பலாலி யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரிற் சென்னைச் சேவை தொடங்கிற்று. கொள்ளைநோயால் 2020இல் நின்ற அச்சேவை 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது.

தளங்களின் வரலாற்றை எழுதுவோர் விமானங்களை எண்ணுவர், படைகளை எண்ணுவர். அவற்றுக்கென இடம்விட்ட ஊர்களை எண்ணுவோர் சிலரே. தென்னிலங்கையிலும் இதுவே நிகழ்ந்தது. 1942இல் விமானத்தளத்துக்காகக் கொக்கல என்னும் சிங்களக் கிராமம் வெறுமையாக்கப்பட்டது. எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு தப்பியதும் படை அதிகாரிகளுக்குப் பயன்பட்டமையாலேயே. மண்ணை இழந்தவன் துயருக்கு மொழி வேற்றுமை இல்லை.

இளைஞர்களே! ஓடுபாதையின் நீளம் ஏட்டில் நிற்கும். அதனருகே நின்ற கிணறும், வேலியும், வைரவர் சூலமும் முதியோர் நினைவில் மாத்திரமே நிற்கின்றன. அவர்களை அணுகி, அவர்கள் சொல்வதை ஆண்டும் ஊரும் குறித்து எழுதி, நம் வாசிகசாலையிற் சேர்த்து வையுங்கள். பெரியோர்களே! கேட்கும் பிள்ளைகளுக்கு மறையாது சொல்லுங்கள். மண் மீண்டாலும், அதன் கதை மீளாவிடில் அம்மீட்சி அரைகுறையே.