கியூட் கருவித்தொகுதியின் வரலாறு: நிரலும் உரிமமும் (1990–2024)

ஆய்வுச் சுருக்கம்

ஒரே மூலநிரலைக் கொண்டு பல இயங்குதளங்களில் இயங்கும் வரைகலைச் செயலிகளை உருவாக்க உதவும் கருவித்தொகுதிகளுள் 'கியூட்' முதன்மையானது. நார்வே நாட்டின் டிரான்ட்ஹைம் நகரில் இருவரால் தொடங்கப்பட்ட இத்தொகுதி, நோக்கியா, டிஜியா, கியூட் கம்பெனி என அடுத்தடுத்துக் கைமாறியும் அழியாமல் நிலைத்தது. இந்நிலைபேற்றுக்குத் தொழில்நுட்ப வடிவமைப்பு மட்டும் காரணமன்று. 1998-இல் டிரோல்டெக் நிறுவனத்துக்கும் கேடிஇ தன்னார்வலர் குழுமத்துக்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தமும் அதற்கு இணையான காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கியூட், கேடிஇ, வரைகலை இடைமுகம், கட்டற்ற மென்பொருள், உரிமம், மென்பொருள் பராமரிப்பு

சிக்கலின் தோற்றம்

1990-களின் தொடக்கத்தில் சாளரம், பொத்தான், பட்டியல் ஆகியவற்றைத் திரையில் தோற்றுவிக்கும் முறை ஒவ்வோர் இயங்குதளத்திலும் வெவ்வேறாக இருந்தது. மைக்ரோசாப்ட் விண்டோஸுக்கு ஒரு நிரலகம், மெக்கின்டோஷுக்கு மற்றொன்று, யூனிக்ஸ் கணினிகளுக்கு எக்ஸ் சாளர முறையும் அதன்மேல் அமைந்த மோட்டிஃபும் என நிலைமை இருந்தது. மூன்றிலும் இயங்க வேண்டிய செயலியை ஏறத்தாழ மும்முறை எழுத வேண்டும். எழுதுவதைக் காட்டிலும், எழுதிய மூன்றையும் ஒரே நிலையில் பேணுவதே பெருஞ்சுமையாயிற்று.

ஹாவர்ட் நோர்ட், எய்ரிக் சாம்பே-எங் ஆகிய இருவரும் டிரான்ட்ஹைமில் இருந்த நார்வே தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர்கள். 1990-ஆம் ஆண்டுக் கோடையில் மீயொலிப் படங்களுக்கான தரவுத்தளச் செயலி ஒன்றைச் சி பிளஸ் பிளஸ் மொழியில் இருவரும் இணைந்து எழுதினர். அச்செயலி யூனிக்ஸ், மெக்கின்டோஷ், விண்டோஸ் ஆகிய மூன்றிலும் இயங்க வேண்டியிருந்தது. இத்தேவையே பொருள்நோக்கு முறையில் அமைந்த பல்தளக் காட்சி அமைப்பு ஒன்றைப் பற்றிய எண்ணத்தைத் தோற்றுவித்தது. அடுத்த ஆண்டு நோர்ட் அதற்குரிய வகுப்புகளை எழுதத் தொடங்கினார். 1993-இல் முதல் வரைகலைக் கருவகம் உருப்பெற்றது.

1994-இல் இருவரும் நிறுவனம் அமைத்தபோது அவர்களிடம் வாடிக்கையாளரும் இல்லை, முற்றுப்பெற்ற பொருளும் இல்லை, முதலும் இல்லை. பணிபுரிந்துவந்த அவர்தம் மனைவியரின் ஊதியமே இரு குடும்பங்களையும் தாங்கியது. தொழில்நுட்ப வரலாறுகளில் இத்தகைய ஆதரவு ஓரிரு வரிகளில் கடந்துவிடப்படுவது வழக்கம். கியூட்டின் முதல் முதலீடு என்று எதையேனும் சுட்ட வேண்டுமாயின் அதனையே சுட்ட வேண்டும். குவாசார் டெக்னாலஜிஸ் என்று பதிவான அந்நிறுவனமே பின்னர் டிரோல்டெக் எனப் பெயர் மாறியது.

1995 மே 20 அன்று கியூட் 0.90 பதிப்பு பொதுவெளியில் வைக்கப்பட்டது. 'கியூ' என்னும் எழுத்து நோர்ட் பயன்படுத்திய ஈமாக்ஸ் எழுத்துருவில் அழகாகத் தோன்றியதால் வகுப்புப் பெயர்களுக்கு அது முன்னொட்டாயிற்று. 'டி' கருவித்தொகுதி என்பதன் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. தொடக்கம் முதலே வணிகப் பயன்பாட்டுக்கு ஒன்றும், கட்டற்ற மென்பொருளுக்கு ஒன்றுமாக இரு உரிமங்கள் இருந்தன. மேட்டிஸ் என்னும் நார்வே நிறுவனம் தந்த ஒப்பந்தப் பணியே டிரோல்டெக்கைப் பிழைக்க வைத்தது. பத்து மாதங்கள் வணிக உரிமத்தை எவரும் வாங்கவில்லை. 1996 மார்ச்சில் ஐரோப்பிய விண்வெளி முகமை பத்து உரிமங்களை வாங்கியது. அவ்வாண்டின் இறுதியில் எட்டு நாடுகளைச் சேர்ந்த எட்டு வாடிக்கையாளர்கள் மொத்தம் 18 உரிமங்கள் பெற்றிருந்தனர். பின்னாளில் பெரும் தொழில்துறைகள் சார்ந்து நிற்கவிருந்த ஒரு தொகுதியின் இரண்டாம் ஆண்டுக் கணக்கு இவ்வளவே.

வரைவதா, இரவல் பெறுவதா

பல்தளக் கருவித்தொகுதியை அமைப்போர் முதலில் விடைகாண வேண்டிய வினா ஒன்று உண்டு. பொத்தானை இயங்குதளத்திடமிருந்தே இரவல் பெறுவதா, தாமே வரைவதா என்பதே அது. 1992-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கிய டபிள்யூஎக்ஸ் தொகுதியும், ஜாவா மொழியின் முதல் இடைமுக நிரலகமும் இரவல் வழியைத் தேர்ந்தன. இவ்வழியில் செயலி அந்தந்தத் தளத்தின் இயல்பான தோற்றத்தைப் பெறும். ஆனால் எல்லாத் தளங்களுக்கும் பொதுவாக உள்ள கூறுகளை மட்டுமே வழங்க இயலும். ஒரு தளத்தின் பொத்தான் நடந்துகொள்ளும் முறை மற்றொன்றில் சிறிது மாறினும் அப்பிழை கருவித்தொகுதியின் தலையிலேயே விழும்.

கியூட் இரண்டாம் வழியைத் தேர்ந்தது. கோடு, வண்ணம், எழுத்து ஆகியவற்றை வரையும் அடிப்படைத் திறனை மட்டும் தளத்திடமிருந்து பெற்று, இடைமுகக் கூறுகள் அனைத்தையும் தானே வரைந்தது. தளத்தின் தோற்றத்தைப் போலச்செய்யும் பணி 'பாணி' வகுப்புகளுக்கு ஒப்படைக்கப்பட்டது. இதனால் நடத்தையில் ஒருமை கிடைத்தது. அதற்குரிய விலையும் இருந்தது. இயங்குதளம் தன் தோற்றத்தை மாற்றும்போதெல்லாம் கருவித்தொகுதி பின்தொடர்ந்து மாற வேண்டும். தானே வரைந்த பொத்தான், பார்வைக் குறையுடையோர் பயன்படுத்தும் திரைபடிப்பானுக்கு வெறும் படமாகவே தெரியும். அதனைப் பொத்தான் என்று அறிவிக்க ஒவ்வொரு தளத்துக்கும் தனி இணைப்பு எழுத வேண்டும். அழகியல் முடிவு போலத் தோன்றும் இத்தேர்வு, முடிவில்லாப் பராமரிப்புக் கடமையாகவும் அமைந்தது.

1992-இல் சாம்பே-எங் உருவாக்கிய 'சமிக்ஞையும் ஏற்பியும்' என்னும் முறை கியூட்டின் தனியடையாளமாயிற்று. மோட்டிஃபில் பொத்தானை அழுத்தினால் இயங்க வேண்டிய செயற்கூற்றின் முகவரியைப் பொத்தானிடமே பதிந்து வைக்க வேண்டும். வகை சரிபார்க்கப்படாத அம்முகவரிகள் பிழைகளின் உறைவிடமாயின. கியூட் முறையில் பொத்தான் 'அழுத்தப்பட்டேன்' என்று சமிக்ஞை மட்டும் விடுக்கும். அதனைக் கேட்போர் யாவர், எத்தனை பேர் என்பதை அது அறியாது. இணைப்பு வேறிடத்தில் செய்யப்படும். அக்காலச் சி பிளஸ் பிளஸ் மொழியில் இதற்கு வசதியின்மையால், மூலநிரலை முன்னரே படித்துக் கூடுதல் நிரலை ஆக்கும் 'மாக்' என்னும் துணைக்கருவி சேர்க்கப்பட்டது. மொழித் தூய்மை பேசுவோர் இதனை நெடுங்காலம் குறைகூறினர். எனினும் பின்வந்த பல நிரலகங்கள் இம்முறையைத் தழுவியமை அக்குறையின் எடையைக் குறைத்துவிடுகிறது.

உரிமச் சிக்கலும் 1998 ஒப்பந்தமும்

கியூட் 1.0 வெளியானது 1996 செப்டம்பர் 24. அதன்பின் இருபது நாள்களில், அக்டோபர் 14 அன்று, ஜெர்மனியின் மத்தியாஸ் எட்ரிச் லினக்ஸ் முதலிய யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கு முழுமையான மேசைத்தளச் சூழல் ஒன்றை உருவாக்க அழைப்பு விடுத்தார். கேடிஇ எனப்பட்ட அத்திட்டம் கியூட்டையே அடித்தளமாகக் கொண்டது. தன்னார்வலர்களின் உழைப்பு ஒரு வணிக நிறுவனத்தின் உடைமைமேல் எழும்பத் தொடங்கியது.

எதிர்ப்பு உடனே எழுந்தது. கியூட்டின் இலவசப் பதிப்பின் மூலநிரலைப் படிக்கலாம். திருத்திப் பரப்ப இயலாது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் அளவுகோலில் இது விடுதலையன்று. 1997 ஆகஸ்டில் மிகுவேல் தெ இக்காசாவும் ஃபெடரிகோ மேனாவும் க்னோம் என்னும் மாற்றுத் திட்டத்தைத் தொடங்கியதற்கு இவ்வுரிமமே முதற்காரணம். கிம்ப் என்னும் பட ஆக்கச் செயலிக்காக எழுதப்பட்ட ஜிடிகே தொகுதியை அவர்கள் கைக்கொண்டனர். கியூட்டைப் போலவே இயங்கும் கட்டற்ற நிரலகத்தைப் புதிதாக எழுத 'ஹார்மனி' என்னும் முயற்சியும் தோன்றியது. 1998 அக்டோபரில் டெபியன் குழுமம் தன் தொகுப்பிலிருந்து கேடிஇயை நீக்குவதாக அறிவித்தது.

இச்சூழலில், 1998-ஆம் ஆண்டின் நடுவில், 'கேடிஇ ஃப்ரீ கியூட்' அறக்கட்டளை உருவானது. டிரோல்டெக் சார்பில் இருவரும் கேடிஇ சார்பில் இருவரும் அதன் ஆட்சிக்குழுவில் அமர்ந்தனர். ஒப்பந்தத்தின் சாரம் எளியது: நிறுவனம் பன்னிரண்டு மாதங்களுக்குள் கியூட்டின் கட்டற்ற பதிப்பை வெளியிடத் தவறினால், அறக்கட்டளை அதனைப் பிஎஸ்டி வகை உரிமத்தில் தானே வெளியிடலாம். நிறுவனம் விற்கப்பட்டாலும் திவாலானாலும் இவ்வுரிமை தொடரும். டிரோல்டெக்கின் வருவாய் முழுதும் வணிக உரிமத்தைச் சார்ந்திருந்ததால், கட்டுப்பாடற்ற பிஎஸ்டி உரிமத்தில் அதே நிரல் வெளிவருவது அவ்வருவாயை வேரறுக்கும். பயன்படுத்த வேண்டிய தேவையே எழாதவாறு அமைந்தமையில்தான் இவ்வொப்பந்தத்தின் வலிமை இருக்கிறது.

1999 ஜூனில் வெளியான கியூட் 2.0 திறமூல வரையறைக்கு உட்பட்ட புதிய உரிமம் பெற்றது. ஆயினும் அது ஜிபிஎல் உரிமத்தோடு பொருந்தவில்லை என்னும் குறை நீடித்தது. 2000 செப்டம்பரில் யூனிக்ஸ் பதிப்பு ஜிபிஎல் உரிமத்தின்கீழ் வந்ததும் சச்சரவு தணிந்தது. ஹார்மனிக்கும் தேவை இல்லாமற்போயிற்று. விண்டோஸுக்கான ஜிபிஎல் பதிப்பு 2005-இல் கியூட் 4 உடன் வந்தது.

பேணுதலின் செலவு

கியூட் 4 வெளியானபோது அதில் ஏறத்தாழ 500 வகுப்புகளும் 9000-க்கு மேற்பட்ட செயற்கூறுகளும் இருந்தன. இவற்றுள் ஒன்றன் பெயரையோ அளவையோ மாற்றினாலும் உலகெங்கும் உள்ள செயலிகள் முறியக்கூடும். எனவே ஒரு முதன்மைப் பதிப்புக்குள் இருமப் பொருத்தம் குலையாது என்னும் உறுதி அளிக்கப்பட்டது. முன்பு தொகுக்கப்பட்ட செயலி, புதிய நிரலகத்தோடும் மறுதொகுப்பின்றி இயங்க வேண்டும். இதற்காக வகுப்பின் உள்தரவுகள் அனைத்தும் ஒற்றைச் சுட்டியின் பின்னே மறைக்கப்பட்டன. வெளியிலிருந்து நோக்குவோர்க்கு வகுப்பின் அளவு என்றும் மாறாது. முதன்மைப் பதிப்பு மாறும்போது மட்டும் இவ்வுறுதி தளர்த்தப்படும். மூன்றிலிருந்து நான்குக்கு மாறிய கேடிஇ, 2008 ஜனவரியில் வெளியிட்ட தன் நான்காம் பதிப்பின் நிறைவின்மைக்காகக் கடுங்கண்டனம் பெற்றது.

எழுத்துகளைத் திரையில் அமைக்கும் பகுதி தமிழ் ஆய்வாளரின் தனிக்கவனத்துக்கு உரியது. 'சொல்' என்னும் சொல்லின் முதலெழுத்து ஒருங்குறியில் சகரமெய்யுரு, ஒகர உயிர்க்குறி என்னும் வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் அக்குறி இரண்டாகப் பிளந்து, ஒற்றைக்கொம்பு சகரத்தின் முன்னும் கால் அதன் பின்னும் நிற்க வேண்டும். சுட்டியை நகர்த்தும்போதோ அழிக்கும்போதோ இம்மூன்று வடிவங்களும் ஓரெழுத்தாகவே நடந்துகொள்ள வேண்டும். சேமிப்பு வரிசையும் காட்சி வரிசையும் ஒன்றே என்று கருதி எழுதப்பட்ட கருவித்தொகுதியில் இது இயலாது. கியூட் 2.0 தன் எழுத்துச்சரங்களை ஒருங்குறிக்கு மாற்றியது முதற்படியே. எழுத்துரு வடிவாக்கம் பின்னரே நிகழ்ந்தது. ஃப்ரீடைப் திட்டத்தின் ஓபன்டைப் நிரலைக் கியூட்டும் க்னோம் தரப்பின் பாங்கோவும் தனித்தனியே படியெடுத்துத் திருத்திவந்தன. இவ்விரட்டை உழைப்பை ஒன்றாக்க எழுந்ததே 'ஹார்ஃப்பஸ்' நிரலகம். பின்னர்ப் பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் அதனைப் புதிதாக எழுதினார். கியூட் 5 வரிசை அப்புதிய வடிவத்துக்கு மாறியது. உரிமத்தால் பிளவுண்ட இரு முகாம்களும் எழுத்துருவாக்கத்தில் ஒரே நிரலைப் பகிர்ந்துகொண்டன. அதன் பயனைத் தமிழ் முதலிய இந்திய எழுத்துகளும் பெற்றன.

கைமாற்றங்கள்

2008 ஜனவரியில் நோக்கியா டிரோல்டெக்கை ஏறத்தாழ 84 கோடி நார்வே குரோனருக்கு வாங்க முன்வந்தது. கைப்பேசிகள் அனைத்துக்கும் பொதுவான செயலித் தளம் அதன் நோக்கம். உரிம விற்பனை நோக்கியாவின் வருவாயில் பொருட்படுத்தத்தக்கதன்று. ஆதலின் 2009 மார்ச்சில் கியூட் 4.5, எல்ஜிபிஎல் உரிமத்தில் வெளிவந்தது. மூடிய செயலிகளும் இனிக் கட்டணமின்றி அதனைப் பயன்படுத்தலாம். தாராளம் என்று போற்றப்பட்ட இம்முடிவு, கியூட்டை மட்டுமே நம்பி வாழும் நிறுவனம் எளிதில் எடுக்கக்கூடியதன்று. அடுத்து வந்த உடைமையாளர்களுக்கு அது மாற்றவியலாத சுமையாயிற்று.

2011 பிப்ரவரியில் நோக்கியா மைக்ரோசாப்ட்டின் விண்டோஸ் ஃபோனைத் தழுவியது. அத்தளத்தில் கியூட்டுக்கு இடமில்லை. வணிக உரிமப் பிரிவு முதலில் ஃபின்லாந்தின் டிஜியா நிறுவனத்துக்குச் சென்றது. அவ்வாண்டு அக்டோபரில் 'கியூட் திட்டம்' என்னும் திறந்த ஆளுகை முறை தொடங்கியது. 2012 ஆகஸ்டில் எஞ்சியதையும் டிஜியா வாங்குவதாக அறிவித்தது. விலை 40 லட்சம் யூரோ. நான்காண்டுகளுக்கு முன் நோக்கியா தந்தது 10 கோடி யூரோவுக்கு மேல். இவ்வீழ்ச்சிக்கு நிரலின் தரம் காரணமன்று. அவ்விடைக்காலத்தில்தான், தளம் சார்ந்த பகுதிகளை எல்லாம் செருகுநிரல்களாகப் பிரிக்கும் பெரும்பணி நிகழ்ந்து, 2012 டிசம்பரில் கியூட் 5.0 வெளிவந்தது. கியூட் ஆண்ட்ராய்டு முதலிய புதிய தளங்களுக்குச் சென்றது இப்பிரிப்பின் வழியாகவே.

டிஜியாவிலிருந்து பிரிந்த கியூட் கம்பெனி 2016-இல் ஹெல்சின்கி பங்குச் சந்தையில் தனியே பட்டியலிடப்பட்டது. வருவாய்த் தேடல் மீண்டும் முன்னுக்கு வந்தது. நெடுங்கால ஆதரவுப் பதிப்புகளின் திருத்தங்கள் வணிக வாடிக்கையாளர்க்கு மட்டுமே என 2020 ஜனவரியில் அந்நிறுவனம் அறிவித்தது. 2021 ஜனவரியில் கியூட் 5.15-இன் பொதுத் திருத்தங்கள் நின்றன. கேடிஇயின் செயலிகளோ இன்னும் ஐந்தாம் பதிப்பிலேயே இருந்தன. அவ்வாண்டு ஏப்ரலில் கேடிஇ தன்னார்வலர்கள் தமக்குத் தேவையான திருத்தங்களைத் தாமே தொகுத்துப் பேணத் தொடங்கினர்.

இந்நிலையிலும் 1998 ஒப்பந்தத்தின் பன்னிரண்டு மாதக் கெடு நடைமுறையில் செயற்பட்டது. வணிக வாடிக்கையாளர்க்கு 2021 மார்ச்சில் வழங்கப்பட்ட 5.15.3 பதிப்பு, ஓராண்டு கழித்து 2022 மார்ச்சில் திறமூலமாக வெளியிடப்பட்டது. கேடிஇயின் மேசைத்தளம் 2024 பிப்ரவரியில் கியூட் 6-க்கு மாறும்வரை தன்னார்வலரின் திருத்தத் தொகுப்பே அதற்கு அடித்தளமாக இருந்தது.