வண்டல் பாவையும் தூங்குகிற யானையும்

போன மே விடுமுறைக்குப் பெண்ணாடம் போயிருந்தோம். எட்டு வயசு மகள் வெள்ளாற்றில் குட்டை காய்ந்து கிடந்த இடத்திலிருந்து ஒரு வாளி வண்டல் அள்ளிக்கொண்டு வந்தாள். சென்னையில் அவளுக்குத் தெரிந்த களிமண், டப்பாவில் வாசனை போட்டு வருகிற கலர் க்ளேதான். என் அம்மா திண்ணையில் உட்கார்ந்தபடியே, "கல்லு, வேரு எல்லாம் பொறுக்கிட்டு ரெண்டு கை பொடிமணல் போட்டுப் பெசைடி, இல்லேன்னா காயும்போது வெடிச்சிரும்" என்றார். "சரி அப்பாயி" என்று அவளும் வேலையில் இறங்கினாள்.

முதலில் தட்டையாகத் தட்டி, வேப்பிலையையும் பூவரசு இலையையும் அழுத்தி எடுத்தாள். நரம்பெல்லாம் அச்சாக விழுந்தது. அடுத்து யானை. நாலு கால் வைத்து நிற்க வைத்தால் உடம்பு பாரம் தாங்காமல் உட்கார்ந்துவிடுகிறது. நானும் பிடித்துப் பார்த்தேன், நிற்கவில்லை. மூன்றாவது தடவை, "காலு எதுக்குப்பா? தூங்குற யானை செய்றேன்" என்று சொல்லிவிட்டாள்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. எங்கள் ஊர் பிரளயகாலேஸ்வரர் கோயில் விமானத்துக்குப் பெயரே தூங்கானை மாடம். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் யானை படுத்திருக்கிற மாதிரி வளைந்திருக்கும். கஜபிருஷ்டம் என்று சிற்ப நூல்கள் சொல்கிற வடிவம் இது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடும்போதே அந்தப் பெயர் இருக்கிறது. அதற்காக ஸ்தபதியும் மண் யானை செய்து பார்த்துத்தான் கட்டினார் என்று நான் சொல்ல வரவில்லை.

ராத்திரி லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தேடியது வேறொரு விஷயம். மண்ணில் விளையாடாத குழந்தை எந்தக் காலத்திலும் இருந்திருக்காது. அப்படியானால் அவர்கள் செய்ததெல்லாம் எங்கே? கீழடியில் சுடுமண் வட்டச்சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன, ஆட்டக்காய்களும் கிடைத்தன. ஆனால் சில்லு, உடைந்த பானை ஓட்டைத் தேய்த்துச் செய்தது. பானை ஏற்கெனவே சூளையைப் பார்த்துவிட்டதால் அது பிழைத்தது. குழந்தை பிடித்த பொம்மை வெயிலில் மட்டும்தான் காய்கிறது. ஒரு மழை போதும், திரும்ப வண்டலாகிவிடும். மண்ணுக்குள் பிணைந்திருக்கிற நீர் கிட்டத்தட்ட 600 டிகிரி சூட்டில் வெளியேறுகிறது. அதற்குப் பிறகுதான் அது கரையாத பொருள். அந்தச் சூட்டைத் தொடாதது பெரும்பாலும் அகழாய்வுக் குழிக்கு வந்து சேராது. ஆக, நம்மிடம் இருப்பது பெரியவர்கள் எதைச் சுட நினைத்தார்களோ அதன் பட்டியல்தான். (டேட்டா சயின்ஸ் ஆட்கள் இதை சர்வைவர்ஷிப் பயாஸ் என்பார்கள்.)

மண்ணில் கிடைக்காதது மொழியில் கிடைக்கிறது. சங்கப் பாடல்களில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு: வண்டல் பாவை. நீர்க்கரையில் சிறுமிகள் செய்கிற பாவை. ஐங்குறுநூற்றில் அம்மூவனாரின் நெய்தல் பாட்டு ஒன்றில், ஒரு பெண்ணின் வண்டல் பாவையைக் கடல் கொண்டுபோய்விடுகிறது. அவள் அழுதுகொண்டு நிற்கவில்லை. கடலையே தூர்க்கிறேன் என்று பொடிமணலை அள்ளி வீசுகிறாள். சுடாத பாவைக்கு என்ன கதி என்பது அந்தப் பாட்டிலேயே இருக்கிறது. பிள்ளைத்தமிழுக்கு வந்தால் சிற்றில், சிறுதேர் என்று தனித்தனிப் பருவங்களே உண்டு. சிற்றிலில் சிறுமிகள் கட்டிய மண்வீட்டை மிதிக்காதே என்று பாட்டுடைத் தலைவனைக் கெஞ்சுவார்கள். அதாவது அது கலையும் என்பதுதான் அந்தப் பருவத்தின் ஆதாரமே.

சமஸ்கிருதத்தில் சூத்ரகரின் மிருச்சகடிகத்தில் வருவதும் மண் வண்டிதான். பக்கத்து வீட்டுப் பையனின் தங்க வண்டியைப் பார்த்த சாருதத்தனின் மகன், தன் மண் வண்டி வேண்டாம் என்று அழுகிறான். வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அந்த வண்டியை நிரப்புகிறாள். பின்னால் வழக்கே அந்த நகைகளால் திரும்புகிறது. இதை 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழில் தந்தவர் பண்டிதமணி மு. கதிரேசன் செட்டியார். நம்ம சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர்.

சரி, சுட்ட பொருள் ஒன்று கிடைக்கிறது, கொஞ்சம் கோணலாக இருக்கிறது. அதைச் செய்தது குழந்தையா, கைவராத பெரியவரா? மியூசியங்களில் 'விளையாட்டுப் பொருள்' என்றோ 'நேர்த்திக்கடன்' என்றோ சீட்டு ஒட்டிவிடுவார்கள். இரண்டுமே பெரும்பாலும் ஊகம்தான் என்பது என் எண்ணம். இதற்கு ஒரு உருப்படியான வழியை 1999-ல் காத்ரின் கேம்ப் குழுவினர் காட்டினார்கள். கைரேகையில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள இடைவெளி, கை வளர வளர அகலமாகிறது. அமெரிக்காவின் வட அரிசோனாவில் சினாகுவா மக்களின் பழைய மண் பொருள்களில் பதிந்திருந்த ரேகைகளை அளந்தார்கள். மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்குவதையும் கணக்கில் எடுத்தார்கள். பானைகள் பெரியவர்கள் கை. விலங்கு உருவங்கள் பெரும்பாலும் குழந்தைகள் கை! இங்கே யாராவது நம் கிடங்குகளில் இருக்கிற சுடுமண் உருவங்களை இப்படி அளந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். பெரிய செலவே கிடையாது.

இலை அச்சும் சும்மா இல்லை. பழைய பானைகளில் பதிந்த உமித் தடத்தை வைத்து அந்தக் காலத்து நெல்லை அடையாளம் கண்டிருக்கிறார்கள். உமி எரிந்துவிடும், தடம் நிற்கும்.

ஊரை ஒட்டி இன்னும் சூளை போடுகிற குயவர் ஒருவர் இருக்கிறார். மகளின் யானையையும் இலைத் தட்டையும் அவரிடம் கொண்டுபோனோம். யானையைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "உள்ள கெட்டியா இருக்கு தம்பி. ஈரம் ஆவியாகி வெடிக்கும். குதிரை செய்யிறப்ப காலெல்லாம் குழாயாத்தான் வளைப்போம்" என்றார். முன்னமே குடைந்திருக்கணும். மகள் கேட்கவில்லை, சுட்டே ஆகணும் என்றாள். அவரும் சிரித்துக்கொண்டே சூளை ஓரத்தில் வைத்தார்.

இலைத் தட்டு நன்றாக வெந்து வந்தது. யானை மூன்று துண்டு. அவள் அழுவாள் என்று நினைத்தேன். துண்டுகளைப் பொறுக்கி டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டாள்.

சென்னை வந்ததும் முதுகுத் துண்டை ஸ்கேனரில் 1200 டிபிஐ-யில் எடுத்துப் பார்த்தேன். இரண்டு கட்டை விரல் தடம் இருந்தது. ஒன்றில் ஒரு சென்டிமீட்டருக்கு 26 வரி, இன்னொன்றில் 20. ஒரே துண்டு, ஒரே சூளை என்பதால் சுருக்கமும் ஒன்றுதான். 20 வரி என்னுடையது, நிற்க வைக்கப் பிடித்துப் பார்த்தபோது பட்டிருக்கிறது. "அப்போ இது நான் மட்டும் செஞ்சது இல்லியா?" என்று அவளுக்குக் கொஞ்சம் கோபம்.