போய்ப் பார்க்காமல் எழுதிய அறிக்கைகள்

1906 அக்டோபர் 28, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், அட்லாண்டிக் சிட்டிக்குள் நுழையும் பாலத்தில் வந்த மூன்று பெட்டி மின்சார ரயில் தடம்புரண்டு தண்ணீருக்குள் விழுந்தது. 53 பேர் இறந்தார்கள். விபத்து நடந்தால் வாயை மூடிக்கொள்வதும், நிருபர்களை அந்தப் பக்கம் அண்டவிடாமல் பார்த்துக்கொள்வதும்தான் அந்தக் காலத்து ரயில் கம்பெனிகளின் வழக்கம். பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனி இந்த முறை அப்படிச் செய்யவில்லை. என்ன நடந்தது என்று தானே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தது. நியூ யார்க் டைம்ஸ் அதை அப்படியே அச்சிட்டது. செய்திக்குறிப்பு என்ற வழக்கமே அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று எங்கள் தொழிலின் வரலாற்றை எழுதியவர்கள் பலர் சொல்கிறார்கள். அந்தக் குறிப்புக்குப் பின்னால் இருந்தவர் ஐவி லீ. அப்போது அவருக்கு 29 வயது.

நான் ஒரு ரசாயன ஆலையில் பி.ஆர்.ஓ.வாக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த வேலைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஐவி லீயை 'மக்கள் தொடர்பின் தந்தை' என்று ஒரு வரியில் அறிமுகப்படுத்திவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அவர் கொடுத்த வாக்கையும், எட்டே ஆண்டுகளில் அவரே அதை முறித்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ஜார்ஜியாவில் மெதடிஸ்ட் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்த லீ, பிரின்ஸ்டனில் படித்துவிட்டு நியூ யார்க்கில் நிருபராக இருந்தவர். பெரிய முதலாளிகளின் மௌனம் அவர்களுக்கே வினையாக முடிவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். 1902-இல் பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தபோது, சுரங்க அதிபர்களின் தலைவர் ஜார்ஜ் பேயர் நிருபர்களை மதிக்கவே இல்லை. தொழிலாளர் தலைவர் ஜான் மிட்சலோ கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னார். ஊர் யார் பக்கம் சாய்ந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. 1906-இல் மறுபடியும் வேலைநிறுத்தம் வரும் போலிருந்ததும் அதே அதிபர்கள் லீயை அமர்த்திக்கொண்டார்கள்.

வந்தவுடன் அவர் பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அதன் சாரம் இது: நாங்கள் நடத்துவது ரகசிய அலுவலகம் அல்ல, எல்லாம் வெளிப்படை. நாங்கள் தருவது விளம்பரம் என்று தோன்றினால் போட வேண்டாம். தகவல் துல்லியமாக இருக்கும். எந்த விவரத்தையும் நீங்கள் சரிபார்க்க நாங்களே உதவுவோம். இன்று படித்தாலும் நிமிர்ந்து உட்கார வைக்கிற வாக்கு அது. யாருக்காக வேலை செய்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்வது, சொன்னதைச் சரிபார்க்கக் கொடுப்பது. இந்த இரண்டைத் தவிர எங்கள் தொழிலுக்கு வேறு அஸ்திவாரம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

1914-இல் கொலராடோவில் இரண்டுமே இடிந்தன.

அங்கே ராக்ஃபெல்லர் குடும்பம் பெரும்பங்கு வைத்திருந்த கொலராடோ ஃபியூவல் அண்ட் அயர்ன் கம்பெனியின் சுரங்கத் தொழிலாளர்கள் 1913 செப்டம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். குடியிருந்தது கம்பெனி வீடுகளில் என்பதால், வேலையை நிறுத்தியதும் வீடும் போனது. பெண்டு பிள்ளைகளோடு குளிர்காலம் முழுக்கக் கூடாரங்களில் கிடந்தார்கள். 1914 ஏப்ரல் 20 அன்று லட்லோ முகாமை மாநிலப் படை இயந்திரத் துப்பாக்கிகளால் சுட்டது. அந்தப் படையில் கம்பெனியின் ஆட்களும் இருந்தார்கள். மாலையில் கூடாரங்கள் எரிந்தன. குண்டுக்குப் பயந்து ஒரு கூடாரத்தின் அடியில் வெட்டியிருந்த குழிக்குள் ஒளிந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுமுட்டி இறந்தார்கள்.

நாடு கொதித்தது. ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியரின் நியூ யார்க் அலுவலக வாசலில் மறியல் நடந்தது. சில வாரங்களில் அவர் லீயை அழைத்தார். சம்பளம் மாதம் 1,000 டாலர். லீ சிறு பிரசுரங்களாக எழுதினார்; அவை நாடு முழுக்க ஆசிரியர்களுக்கும் பிரமுகர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. அட்டையில் சுரங்க மேலாளர்கள் குழுவின் பெயர் மட்டும் இருந்தது. எழுதியவர் லீ என்பதும் பணம் ராக்ஃபெல்லருடையது என்பதும் மறைக்கப்பட்டன. வாக்கின் முதல் பாதி அங்கேயே முடிந்தது.

உள்ளே இருந்த தகவல்கள் இன்னும் மோசம். தொழிற்சங்கத் தலைவர்கள் கொழுக்கிறார்கள் என்று காட்ட, அவர்கள் ஓர் ஆண்டு முழுதும் பெற்ற தொகையை ஒன்பது வாரச் சம்பளமாகப் போட்டிருந்தது. எண்கள் கம்பெனி கொடுத்தவை. லீ வாங்கி அச்சுக்கு அனுப்பிவிட்டார். கொலராடோவுக்கு அவர் நேரில் போனது ஆகஸ்டில், பல பிரசுரங்கள் வெளிவந்த பிறகு. 1915 ஜனவரியில் ஃபிராங்க் வால்ஷ் தலைமையிலான தொழில் உறவு ஆணையம் அவரை விசாரித்தது. கம்பெனி தந்த விவரங்கள் சரியா என்று பார்க்க நீங்கள் என்ன முயற்சி செய்தீர்கள் என்று கேட்டார்கள். ஒன்றும் செய்யவில்லை என்றார். கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் அவரைக் கூலிக்குப் பொய் சொல்பவர் என்று பத்திரிகையில் எழுதினார். அந்தப் பெயர் கடைசிவரை அவரை விடவில்லை.

லீ தெரிந்தே புளுகினார் என்று நான் நினைக்கவில்லை. மேஜைக்கு வந்த தாளை நம்பினார், அவ்வளவுதான். ஆனால் இந்த வேலையில் அது சின்னக் குற்றம் அல்ல. நான் வேலை பார்த்த ஆலையில் ஓர் இரவு குழாய் வெடித்தது. ‘தொழிலாளர் எவருக்கும் பாதிப்பில்லை’ என்ற அறிக்கை தட்டச்சாகி என் கைக்கு வந்தது. மஸ்டர் ரோலைப் பார்த்தால் அது உண்மைதான். அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன். ஒப்பந்தக்காரர் அழைத்து வந்த ஆட்கள் கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள். அவர்கள் பெயர் எங்கள் மஸ்டரில் ஏறியதே இல்லை. அறிக்கை மாறிய பிறகே வெளியே போனது. அதற்காக மேலிடத்தில் எனக்குக் கிடைத்த வசவுகளை இங்கே எழுத வேண்டாம்.

ராக்ஃபெல்லரும் கடைசியில் போய்ப் பார்த்தார். 1915 செப்டம்பரில், பின்னாளில் கனடாவின் பிரதமரான மெக்கன்சி கிங்கோடு கொலராடோ சென்று, சுரங்க உடை மாட்டி உள்ளே இறங்கினார், தொழிலாளர் வீடுகளுக்குள் போனார், அவர்கள் மனைவியரோடு நடனமாடினார். பத்திரிகைகள் கொண்டாடின. அதை வெறும் வேஷம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பயணத்தில் கிங் வகுத்த திட்டப்படி தொழிலாளர்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்துக் குறைகளைச் சொல்ல வழி கிடைத்தது. ஆனால் அவர்கள் கேட்டது தங்கள் சங்கத்தோடு கம்பெனி உட்கார்ந்து பேச வேண்டும் என்பது. அதற்காகத்தான் ஒரு குளிர்காலம் முழுக்கக் கூடாரத்தில் கிடந்தார்கள். அந்தக் கோரிக்கையை ராக்ஃபெல்லர் அப்போதும் ஏற்கவில்லை. புகைப்படங்கள் நன்றாக வந்திருந்ததால், அதைக் கேட்கவும் அதிகம் பேர் இல்லை.