உப்பை அளந்த வெள்ளி: வேலூர்–ஆம்பூர் தோல் பகுதியில் தரம்பார்த்தல்

தரம்பார்த்தல் என்பது செறிவு தெரிந்த ஒரு கரைசலைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, மற்றொரு கரைசலில் உள்ள பொருளின் அளவைக் கண்டறியும் வேதியியல் முறையாகும். பேச்சுவழக்கில் டைட்ரேஷன் என்போம். மேல்நிலை வகுப்பு மாணவர்கள் செய்முறைத் தேர்வுக்காகச் செய்து பார்த்துவிட்டு மறந்துவிடும் இந்த வேலை, பாலாற்றங்கரைக் கிணறுகளின் வரலாற்றில் முக்கியமான இடம் பெற்றது.

வேலூர் மாநகரின் கிழக்கே உள்ள சத்துவாச்சாரியில்தான் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரியும் வரை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய தோல் பதனிடும் ஊர்கள் அனைத்தும் இதே அலுவலகத்தின் கீழ் இருந்தன. கிணற்று நீர் கரிக்கிறது என்று ஓர் உழவர் சொன்னால் அது முறையீடு. ஒரு லிட்டரில் இத்தனை மில்லிகிராம் குளோரைடு என்று ஆய்வக அறிக்கை சொன்னால் அது சான்று. முறையீட்டைச் சான்றாக மாற்றிய கருவி பியூரெட்.

முறையின் தோற்றம்

இந்த முறை பிரான்சில் சலவைத் தொழிலுக்காகப் பிறந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரூவான் நகரின் தெக்ருவாசில், துணி வெளுக்கும் குளோரின் கரைசலின் வலிமையை அவுரிச் சாயத்தைக் கொண்டு அளந்தார். பின்னர் கே-லுசாக் இம்முறையைச் செம்மையாக்கினார். பியூரெட், பிப்பெட் என்னும் பெயர்கள் அவர் வழியாகவே வழக்கிற்கு வந்தன. 1830களின் தொடக்கத்தில் பாரிஸ் நாணயச்சாலைக்காக, வெள்ளியின் தூய்மையைச் சாதாரண உப்புக் கரைசலால் அளக்கும் வழியையும் அவர் வகுத்தார். அங்கே உப்பைக் கொண்டு வெள்ளியை அளந்தார்கள். நம் ஊரில் வெள்ளியைக் கொண்டு உப்பை அளக்கிறோம்.

அந்தத் திருப்பத்தைத் தந்தவர் ஜெர்மனியின் கோப்ளென்ஸ் நகர மருந்தாளுநர் கார்ல் பிரீட்ரிக் மோர். 1855இல் தரம்பார்த்தலுக்கென்றே ஒரு பாடநூல் எழுதிய அவர், அடுத்த ஆண்டில் குளோரைடை அளக்கும் முறையை வெளியிட்டார். நீரில் சிறிது பொட்டாசியம் குரோமேட்டைச் சேர்த்து, சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்ட விட வேண்டும். குளோரைடு இருக்கும் வரை வெண்ணிற வீழ்படிவு உண்டாகும். அது தீர்ந்ததும் சில்வர் குரோமேட் உருவாகி, மஞ்சள் கரைசல் செங்கல் நிறச் சாயல் கொள்ளும். அதுவே முடிவுநிலை. தோல் பகுதியில் மாசின் மறுபெயராகிவிட்ட குரோமியத்தின் உப்பு ஒன்றே உப்பைக் காட்டிக்கொடுக்கும் நிறங்காட்டியாக அமைந்தது வேடிக்கைதான்.

உப்பு வந்த வழி

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலத்திலும் உப்பு இருந்தது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிட்டுத்தான் வைப்பார்கள். டேனரியில் முதல் வேலை, தோலை நீரில் ஊறவைத்து அந்த உப்பைக் கழுவி வெளியேற்றுவது. 1903 வாக்கில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னைக் கலைப் பள்ளியில் குரோம் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். ஆனால் இப்பகுதியில் குரோம் முறை பெருகியது, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்திய 1970களுக்குப் பிறகே. குரோம் பதனிடலுக்கு முன் தோலை அமிலமும் உப்பும் கலந்த நீரில் ஊறவைக்க வேண்டும். ஆகவே உப்பு மேலும் கூடியது.

குரோமியத்தைச் சுண்ணாம்பு சேர்த்துப் படியவைத்துவிடலாம். உப்பு அப்படிப் படியாது. நுண்ணுயிர்களும் அதைத் தின்னா. வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்தின் ஒரு பக்கம் நுழைந்த உப்பு மறுபக்கம் அப்படியே வெளியேறியது.

ஒரு துளியின் மதிப்பு

நிலப்பரப்பு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்குக் குளோரைடு வரம்பு லிட்டருக்கு 1000 மில்லிகிராம். வழக்கமான 0.0141 நார்மல் சில்வர் நைட்ரேட்டின் 1 மில்லிலிட்டர், அரை மில்லிகிராம் குளோரைடுக்குச் சமம். 10 மில்லிலிட்டர் மாதிரி எடுத்தால் 20 மில்லிலிட்டர் செலவாகும் இடத்தில் வரம்பு நிற்கிறது. அங்கே ஒரு துளி பிழைத்தால் 2.5 மில்லிகிராம்தான் வேறுபடும், பொருட்படுத்த வேண்டியதில்லை. தோல் ஊறிய நீரோ மிகவும் உப்பானது. அதை நூறு மடங்கு நீர்த்து, அதில் 50 மில்லிலிட்டர் எடுத்தால், ஒரு துளிப் பிழை லிட்டருக்கு 50 மில்லிகிராமாகப் பெருகும்.

அதைவிடப் பெரிய தொல்லைகள் கழிவுநீரிலேயே உள்ளன. மோர் முறைக்குக் கரைசலின் பிஎச் ஏறத்தாழ 7 முதல் 10க்குள் இருக்க வேண்டும். சுண்ணாம்புக் குழி நீர் 12ஐத் தாண்டும். அமில ஊறல் நீர் 3க்கும் கீழே போகும். இரண்டையும் முதலில் நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். முடி நீக்கப் பயன்படும் சோடியம் சல்பைடு, வெள்ளியுடன் சேர்ந்து கறுத்துப் படியும். அதை ஹைட்ரஜன் பெராக்சைடால் போக்க வேண்டும். பட்டைச்சாறு கலந்த பழுப்பு நீரில் முடிவுநிலையே தெரியாது. அலுமினியம் ஹைட்ராக்சைடு சேர்த்து வடிகட்டிய பிறகே வேலை. வெறும் காய்ச்சி வடித்த நீருக்கும் ஒருமுறை தரம்பார்த்து அந்த அளவைக் கழிக்க வேண்டும்.

பிஎச் தவறினாலும், சல்பைடை விட்டாலும், முடிவுநிலையைத் தாண்டினாலும் விடை உண்மையைவிடக் கூடியே வரும். டைகுரோமேட் கொண்டு செய்யும் வேதியியல் ஆக்சிஜன் தேவைச் சோதனையிலும் இதே கதைதான்: மெர்குரிக் சல்பேட் சேர்த்துக் குளோரைடைக் கட்டிப்போடாவிட்டால், உப்பும் கரிமக் கழிவுபோலக் கணக்கில் ஏறிவிடும். ஆகவே கவனமற்ற ஆய்வு உழவருக்கு உதவுவதுபோல் தோன்றினாலும், எதிர்த்தரப்புக்கே வாதத்தைக் கொடுக்கும். மூன்று முறை செய்து ஒத்த அளவீடு கிடைத்தால்தான் எழுத வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவது மதிப்பெண்ணுக்காக மட்டும் அன்று.

1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகாததாகிவிட்டது என்ற, வேலூரிலுள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணிப்பைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டுடன், தன் செயலால் தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துபவருக்கே உரியது என்றும் கூறியது. வேதியியல் ஆசிரியரின் கண்ணில் இந்த இரண்டாவது கருத்தே பெரிது. அதுவரை கிணற்றுக்காரர் தேடி அலைந்த எண்ணை, இனி டேனரிக்காரர் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

இதன் பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் மீது கண்காணிப்பு இறுகியது. காலப்போக்கில், கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறை கட்டாயமானது. சவ்வு வழியே நீரைப் பிரித்து டேனரிக்கே திருப்பி அனுப்புகிறார்கள்; எஞ்சும் செறிந்த உப்புநீரை ஆவியாக்குகிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் குளோரைடு பார்க்கப்படுகிறது. சவ்வு கிழிந்தால் அதை முதலில் காட்டும் அளவுகளில் இதுவும் ஒன்று. பல ஆய்வகங்களில் இன்று மின்முனைக் கருவிகள் முடிவுநிலையைத் தாமே கண்டுபிடிக்கின்றன. ஆவியாக்கிய பின் மிஞ்சும் கலவை உப்பு மட்டும் சோடியம் குளோரைடும் சல்பேட்டும் பிரிக்கப்படாமல் நிலையங்களில் மூட்டைகளாகக் குவிகிறது. வாங்குவார் அரிது, மழைநீர் படாமல் அதைக் காக்க வேண்டும்.