தண்டவாளமும் மிதிவண்டியும்

தண்டவாளம் என்றதும் லாபிஸ் மாணவர்க்கு 1909இல் நிறைவுற்ற ஜொகூர் இரயில் பாதையே நினைவுக்கு வரும். அது தனக்கெனத் தனி நிலம் கொண்டது. டிராம் வண்டியோ மக்கள் நடமாடும் தெருவிலேயே பங்கு கேட்டது. மின்சார டிராம்கள் சிங்கப்பூரில் 1905 முதல் 1927 வரையிலும், பினாங்கில் 1906 முதல் 1936 வரையிலும், சென்னையில் 1895 முதல் 1953 வரையிலும் ஓடின.

தெருவில் பதித்த தண்டவாளத்தை ஒட்டி, டிராம் சக்கரத்தின் விளிம்பு செல்வதற்கென ஒரு பள்ளம் உண்டு. மிதிவண்டியின் மெல்லிய சக்கரம் அதனுள் இறங்கிவிட்டால் கைப்பிடியைத் திருப்பவியலாது; விழ வேண்டியதுதான். மழையில் நனைந்த இரும்போ வழுக்கும். நேர்குறுக்காகக் கடப்பவர் தப்பலாம். சாய்வாகக் கடப்பவர்க்கே இடர் மிகுதி.

பழி யாரைச் சாரும்? ஓட்டியவனின் கவனக்குறைவு என்பது எளிய விடை. மாணவரைக் கேட்டாலும் அதையே சொல்வர். ஆனால், அந்நாளில் இந்நகரங்களை ஆண்ட பிரிட்டன், தன் நாட்டுக்கு 1870இல் இயற்றிய டிராம் சட்டத்தில் அவ்வாறு விட்டுவிடவில்லை. தண்டவாளம் சாலையோடு சமமட்டமாய் இருத்தல் வேண்டும். தண்டவாளங்களின் இடைப்பகுதியையும் இருபுறமும் 18 அங்குலச் சாலையையும் டிராம் நடத்துவோரே செப்பனிடல் வேண்டும். அவர்தம் தவற்றால் நேரும் விபத்துக்கு அவரே பொறுப்பு. மிதிவண்டி இன்றைய உருவம் பெறுமுன்பே எழுந்த விதிகள் இவை!

ஆயினும் சட்டம் தேடியது குறையை. பள்ளமோ குறையன்று, அஃதின்றி டிராம் ஓடாது. செவ்வனே பதித்த தண்டவாளத்தில் வீழ்ந்தவன், தன் முழங்காலை யாரிடம் காட்டி முறையிடுவான்?