குற்றமற்றவர் ஏற்ற தண்டனை

குற்றம் புரிந்தவனே தண்டனை பெறவேண்டும் என்பது உலகம் ஒப்பிய அறம். மாசற்ற ஒருவர் குற்றவாளியின் இடத்தில் நின்று துன்புறுவதும், அதனால் குற்றவாளி விடுதலை பெறுவதும் அவ்வறத்திற்கு ஒவ்வுமா? கிறித்தவ சமயத்தின் நடுநாயகமாக விளங்கும் சிலுவைக் கொள்கை எழுப்பும் வினா இதுவாகும். இதற்கு அறிஞர் விடை தேடிய வரலாறு, நீதியைப் பற்றிய மானிடச் சிந்தனையின் வரலாறாகவும் அமைந்துள்ளது.

இக்கருத்தின் வேர் யூதர்தம் மறைநூலில் உள்ளது. லேவியராகமத்தின் 16-ஆம் அதிகாரம் இரு வெள்ளாட்டுக் கடாக்களைப் பற்றிக் கூறுகிறது. ஒன்று பலியிடப்படும். மற்றொன்றின் தலைமீது தலைமைக் குரு தம் கைகளை வைத்து, மக்களின் பாவங்களை அறிக்கையிடுவார். பின்னர் அது பாலைநிலத்திற்கு ஓட்டிவிடப்படும். அதுவே போக்காடு. அதன் இசைவை எவரும் கேட்பதில்லை. ஏசாயா நூலின் 53-ஆம் அதிகாரத்தில் இக்கருத்து உயர்நிலை எய்துகிறது. அங்கே பிறர் பிழையைச் சுமப்பவன் வாய்திறவாது துன்பத்தை ஏற்கும் இறை ஊழியன். இயேசுவின் மாணாக்கர் அவ்வூழியனைத் தம் ஆசானிடம் கண்டனர். நான்கு நற்செய்தி நூல்களும் பரபாஸ் என்னும் கைதியைக் குறிப்பிடுகின்றன. அவன் விடுதலை பெற்றான். குற்றமற்ற இயேசு சிலுவைக்கு அனுப்பப்பட்டார்.

அம்மரணம் பிறருக்கு எவ்வாறு மீட்பாகும்? தொடக்ககாலத் திருச்சபையினர் பலர் அதனை மீட்பு விலையாகக் கருதினர். விலைகொடுத்து அடிமையை விடுவித்தல் உரோமப் பேரரசில் எவரும் அறிந்த வழக்கமன்றோ! கேண்டர்பரிப் பேராயர் அன்செல்ம் 1098-இல் எழுதி முடித்த நூலில் வேறொரு விளக்கம் தந்தார். ஆண்டானின் மாண்பே சமுதாயத்தின் அச்சாணியாக இருந்த காலம் அது. இறைவனின் மாண்பைக் குறைத்த மனிதன் ஈடு செய்யக் கடமைப்பட்டவன். ஆயினும் அவனுக்கு ஆற்றல் இல்லை. ஆற்றல் உடையவர் இறைவன் ஒருவரே. ஆகவே இறைவனே மனிதரானார் என்றார் அவர். அடுத்த தலைமுறையினரான அபிலார்டு இதனை ஏற்கவில்லை. மாசற்றவரின் குருதியை விலையாகக் கேட்பது கொடுமையன்றோ என வினவிய அவர், சிலுவை மனிதரின் உள்ளத்தில் அன்பை எழுப்புகிறது என்பதை வலியுறுத்தினார்.

பதினாறாம் நூற்றாண்டில் விளக்கம் நீதிமன்றத்தை நாடியது. சட்டம் பயின்ற கால்வின், குற்றவாளிக்குரிய தீர்ப்பையே இயேசு ஏற்றார் என்று விளக்கினார். இதனை மறுத்த சொசினஸ், 1594-இல் வெளிவந்த தம் நூலில் கூர்மையான வாதம் ஒன்றை எழுப்பினார். ஒருவன் பட்ட கடனைப் பிறன் அடைக்கலாம்; ஆனால், ஒருவன் பெறவேண்டிய தண்டனையைப் பிறனுக்கு மாற்றுதல் நீதியாகாது என்பதே அவ்வாதம். ஆலந்து நாட்டுச் சட்ட அறிஞர் குரோஷியஸ் 1617-இல் விடையிறுத்தார். இறைவன் கடன் கொடுத்தவர் அல்லர், உலகை ஆள்பவர். சட்டத்தின் மாண்பைக் காத்துக்கொண்டே மன்னிக்க வல்லவர் என்றார். சந்தை, அரசவை, நீதிமன்றம் என ஒவ்வொரு காலமும் தான் அறிந்த முறையைக் கொண்டே சிலுவையை அளந்தது என்பது இதனால் புலனாகும்.

தமிழிலக்கியமும் இக்கருத்தைப் போற்றியுள்ளது. ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ஆங்கில நூலில், பயணியின் முதுகுச் சுமை சிலுவையடியில் கழன்று விழுகிறது. அந்நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது.

ஏட்டுக் கருத்து வாழ்க்கையிலும் ஒருநாள் சோதிக்கப்பட்டது. 1941-ஆம் ஆண்டு சூலை இறுதியில், ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் ஒரு கைதியைக் காணவில்லை. அதற்குத் தண்டனையாகப் பதின்மரைப் பட்டினியிட்டுக் கொல்ல நாசிகள் தெரிந்தெடுத்தனர். அவர்களுள் ஒருவரான கயோவ்னிச்செக், தம் மனைவி மக்களை நினைந்து கதறினார். மாக்சிமிலியன் கோல்பே என்னும் போலந்து நாட்டுத் துறவி முன்வந்து அவரது இடத்தைக் கேட்டுப் பெற்றார். ஆகஸ்டு 14-இல் நச்சு ஊசியால் கொல்லப்பட்டார். உயிர் பிழைத்தவர் 1995 வரை வாழ்ந்தார்; 1982-இல் கோல்பே புனிதராக அறிவிக்கப்பட்ட விழாவையும் கண்டார்.

கயோவ்னிச்செக் குற்றவாளி அல்லர். எனவே இந்நிகழ்ச்சி சிலுவைக் கொள்கைக்கு முழு ஒப்பாகாது. எனினும் ஓர் உண்மையை இது தெளிவாக்குகிறது. பதின்மரைப் பிடித்து நிறுத்தியது கொடுமை; ஒருவர் தாமே வந்து நின்றது அன்பு. இரண்டிலும் குற்றமற்றவரே துன்புற்றனர்; ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. தண்டனை கைமாறுமா என்னும் சொசினஸின் வினா இன்றும் வலுவுடையதே. ஆயினும் பிறருக்காகத் துன்புறுமாறு எவரையும் பணிக்க நமக்கு உரிமையில்லை. தாமே முன்வந்தவரைப் போற்றும் கடமை உண்டு. இவ்வரலாற்றைக் கற்பிப்போரும் கற்போரும் இவ்வேறுபாட்டை உளங்கொள்வாராக.